‘வர்ரன்?’ – செய்தியைக் கடமையாகச் சுமக்கும் மக்கள்

சோமாலியர் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் சொற்களில் ஒன்று ‘வர்ரன்’. ‘வர்’ என்றால் செய்தி; ‘வர்ரன்’ என்றால் செய்தி சொல். நம் ஊரில் ‘என்ன சேதி?’ என்று கேட்பதற்கு மிக அருகில் நிற்கும் சொல் இது. கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: ‘மா நபத் பா?’, அதாவது அமைதிதானா?

ஒட்டகமும் ஆடும் மேய்த்து வறண்ட நிலத்தில் அலைந்த மக்களிடம் பிறந்த கேள்விகள் இவை. எங்கே மழை பெய்தது, எந்தக் கிணற்றில் நீர் நிற்கிறது, எந்தக் குலத்தோடு எந்தக் குலத்துக்குப் பகை மூண்டிருக்கிறது என்பதெல்லாம் எதிரே வரும் வழிப்போக்கன் வாயிலிருந்துதான் தெரியவேண்டும். தவறான செய்தி மந்தையையே கொன்றுவிடும். அதனால் கேட்பது உரிமை, சொல்வது கடமை. ‘வர்சமே’ என்று ஆண்களுக்குப் பெயர் வைப்பார்கள். நற்செய்தி என்று பொருள்.

மினியாபொலிசின் அடுக்குமாடி வீட்டிலோ லண்டனின் கிழக்குப் பகுதியிலோ ஸ்டாக்ஹோமின் ரின்கெபியிலோ இருக்கும் ஒரு சோமாலியரின் கைபேசியில் நாள் முழுக்க வந்து குவியும் குரல்பதிவுகளையும் குடும்பக் குழுவின் அரட்டையையும் பலர் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். அது தவறு என்பது என் வாதம். இந்தப் பேச்சு பழைய செய்திக் கடமையின் தொடர்ச்சி. பணம், உறவு, துக்கம், பகை, கவிதை எல்லாமே அந்த மக்களிடம் ஒரே குரல்வழியில்தான் போய்வருகின்றன.

இதைப் புரிந்துகொள்ள எழுத்தின் கதையிலிருந்து தொடங்கவேண்டும். சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை 1972 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் அரபு எழுத்தில் எழுதிப் பார்த்தார்கள். உஸ்மான் யூசுஃப் கெனதித் என்பவர் புதிதாகவே ஓர் எழுத்தை உருவாக்கினார். எதுவும் நாடு முழுவதற்கும் பொதுவாகவில்லை. சியாத் பர்ரேயின் ராணுவ அரசு லத்தீன் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, 1973இல் நகரங்களிலும் அடுத்த ஆண்டு நாட்டுப்புறத்திலும் எழுத்தறிவு இயக்கம் நடத்தியது. பள்ளிகளை மூடி, மேல்வகுப்பு மாணவர்களை மேய்ச்சல்காரர்களிடம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுப்பியது. அந்த ஆட்சி செய்த நல்ல காரியங்களில் இது தலையானது. ஆனால் 1988இல் அதே அரசு வடக்கே ஹர்கெய்சா நகரைத் தன் விமானங்களாலேயே குண்டுவீசித் தரைமட்டமாக்கியது. 1991 ஜனவரியில் அரசே சரிந்தது, பள்ளிகளும் சரிந்தன. ஆக, தாய்மொழி எழுத்தை ஓர் அரசு நின்று கற்றுக்கொடுத்த காலம் இருபது ஆண்டுகூட இல்லை. அதற்குப் பின் பிறந்தவர்கள் கென்யாவின் அகதி முகாமிலோ ஐரோப்பியப் பள்ளியிலோ வேறு மொழியில் எழுதக் கற்றார்கள். சோமாலியை அவர்கள் காதால் கற்றார்கள்.

எழுத்து இல்லாததால் அந்தச் சமூகத்தில் இலக்கியம் இல்லாமல் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பயணம் செய்த ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர், ஊரெங்கும் கவிஞர்கள் நிறைந்திருப்பதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். சோமாலிக் கவிதையின் இலக்கணம் தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும், ஏனென்றால் அதன் உயிர்நாடி மோனை. நாம் அடிக்கு அடி மோனையை மாற்றிக்கொள்வோம். சோமாலியில் ஒரு கவிதை முழுவதற்கும் ஒரே ஒலிதான். நூறு அடிப் பாட்டு ‘த’வில் தொடங்கினால் நூறு அடியிலும் ‘த’ வரவேண்டும். கேட்டவன் மனப்பாடம் செய்ய அது உதவியது. சொல் மாறினால் உடனே காட்டியும் கொடுத்தது. பெருங்கவிஞர்களின் பாட்டை அப்படியே மனத்தில் ஏற்றி ஊர் ஊராகச் சொல்பவர்கள் இருந்தார்கள். சொல்லும்முன் இயற்றியவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அடியைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஏடு இல்லாத நாட்டில் இயங்கிய காப்புரிமை அது. இன்றைய ‘ஃபார்வர்டு’ பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக்கூடாது.

எழுத்து வந்த அதே பத்தாண்டில்தான் கேசட்டும் வந்தது. வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்களும் கப்பல்காரர்களும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். ஊரில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. பின் அதே நாடாவின் மறுபக்கத்தில் தாயும் தம்பியும் பேசி அனுப்பினார்கள். கவிதையும் அப்படியே பயணம் செய்தது. 1979, 80இல் கவிஞர்கள் ஹத்ராவியும் காரியேயும் தொடங்கிய ‘தேல்லேய்’ என்னும் கவிதைச் சங்கிலி இதற்குச் சிறந்த சான்று. குலப்பற்றையும் சர்வாதிகாரத்தையும் பற்றிய அந்தப் பாட்டுகளுக்குக் கவிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக ‘த’ மோனையிலேயே பதில் பாடினார்கள். அரசு தடுத்தும் கேசட் வழியே அது நாட்டின் எல்லைக்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தது. 1973 முதல் 1978 வரை சிறையிருந்த ஹத்ராவியின் இயற்பெயர் முகம்மது இப்ராஹிம் வர்சமே. நற்செய்தி என்ற அந்தச் சொல் அவர் பெயரிலேயே இருந்தது.

போர் வந்ததும் கேள்வியின் பொருள் மாறியது. ‘அமைதிதானா’ என்பது உபசாரமாக இல்லாமல், ‘உயிரோடு இருக்கிறாயா’ என்பதாகிவிட்டது. 1957இல் தொடங்கிய பிபிசியின் சோமாலி ஒலிபரப்பு அந்த நாட்களில் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, தேடப்படும் உறவினர் பெயர்களை வாசித்தது. பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், கடைசியாகக் கண்ட இடம் என வரிசையாகப் பெயர்கள். சோமாலியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இந்த மூன்று பெயர்தான் அடையாளம். அதற்கு மேலும் பத்து இருபது தலைமுறை முன்னோர் பெயரைக் குழந்தைகள் ஒப்பிக்கக் கற்பார்கள். அந்தப் பட்டியல்தான் குலத்தைக் காட்டும். பல இடங்களில் உயிரைக் காத்ததும் பறித்ததும் அதே பட்டியல்தான்.

கென்யாவின் தடாப் முகாம்கள் 1991இல் தொடங்கின. தொலைபேசி இல்லாத அந்த இடத்தில் ‘தார்’ எனப்பட்ட வானொலிக் கருவி இருந்தது. சோமாலியாவில் ஓர் ஊரிலும் முகாமிலும் ஆள் உட்கார்ந்து பேச்சை மாற்றி மாற்றி அனுப்புவார். அலைவரிசையில் இருக்கும் எவரும் கேட்கலாம். மகள் தாயிடம் சொல்லும் துக்கம், அண்ணன் தம்பியிடம் கேட்கும் பணம் எல்லாம் ஊரறியும். முகாம் வாழ்க்கையை ஆராய்ந்த சிண்டி ஹோர்ஸ்ட் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இன்றைய வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அறுபது பேர் முன்னிலையில் ஒருவரின் பிரசவமும் கடனும் பேசப்படுவது வெளியாருக்கு விந்தையாக இருக்கலாம். தாரில் பேசிய தலைமுறைக்கு அது புதிதல்ல.

பணத்தின் கதையும் குரலின் கதையும் இங்கே ஒன்றுதான். ஹவாலாவுக்கு வேண்டியது நம்பிக்கையும் செய்தியும். லண்டனில் ஒருவர் கடையில் பணம் கட்டுகிறார், செய்தி போகிறது, ஹர்கெய்சாவில் தாய் பெற்றுக்கொள்கிறாள். இலங்கைத் தமிழர் ‘உண்டியல்’ என்று சொல்லும் அதே முறை. 1970இல் புராவ் நகரில் தொடங்கிய தஹப்ஷீல், போருக்குப் பின் உலகெங்கும் கிளை பரப்பியது. அதன் போட்டி நிறுவனமான அல்-பரக்காத் பணம் அனுப்புவதோடு தொலைபேசியையும் நடத்தியது. நாட்டின் ஒரே இணையச் சேவையும் அதைச் சார்ந்தே இருந்தது. 2001 நவம்பர் 7 அன்று, பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறது என்று சொல்லி அமெரிக்கா அதை முடக்கியது. பணமும் பேச்சும் ஒரே வாரத்தில் அறுந்தன. பின்னாளில் செப்டம்பர் 11 விசாரணைக் குழுவின் ஆய்வு, அந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதியது. அதற்குள் நிறுவனம் அழிந்துவிட்டது. ஏழைகளின் பணப்பாதையைச் சந்தேகத்தின் பேரில் அடைப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அதே தவறு திரும்ப நடந்தது. 2013இல் பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி, பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. ஓட்டப்பந்தய வீரர் மோ ஃபரா உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தஹப்ஷீல் வழக்குத் தொடுத்து அந்த நவம்பரில் இடைக்காலத் தடை பெற்றது. புலம்பெயர்ந்தோர் ஆண்டுக்கு அனுப்பும் தொகை 130 கோடி டாலர் என்று அன்று மதிப்பிட்டார்கள். அந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டு உதவியைவிட அது அதிகம்.

இந்த 130 கோடி டாலரும் எப்படித் திரள்கிறது? ஒவ்வொரு நூறு டாலருக்கும் பின்னால் ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கிறது. லண்டன் சோமாலியரை ஆராய்ந்த அன்னா லிண்ட்லி 2010இல் வெளியிட்ட நூலுக்கு அதிகாலைத் தொலைபேசி அழைப்பு என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். சோமாலியாவின் கடிகாரம் லண்டனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முந்தியது, மினியாபொலிசுக்கு எட்டு ஒன்பது மணி நேரம். அங்கே விடிந்து, அடுப்பில் வைக்க எதுவும் இல்லை என்று தெரிந்ததும், இங்கே தூங்குகிறவரின் படுக்கையருகே மணி அடிக்கும். எடுத்தால் பணத்தைப் பற்றி நேரே பேச்சு வராது. அமைதிதானா, பிள்ளைகள் எப்படி, அங்கே குளிரா என்று வரிசையாக விசாரிப்பு வரும். பிறகு இங்கே மழை தவறிவிட்டது, ஆடுகள் போய்விட்டன, உன் மாமாவுக்கு அறுவைச் சிகிச்சை. கேட்டவருக்குப் புரியும். கேட்காமலே கேட்பதும் மறுக்காமலே தள்ளிப்போடுவதும் அந்தப் பேச்சின் நுட்பம்.

அழைப்பை ஏற்றவர் யார்? மினசோட்டாவின் வான்கோழி இறைச்சி ஆலையில் இரவு முழுக்க நின்று வெட்டியவர். முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்பவர். டாக்ஸி, லாரி ஓட்டுபவர். மினியாபொலிசின் சிடார்-ரிவர்சைடு பகுதியில் 1973இல் எழுந்த உயர்ந்த கோபுரங்களில் ஒரு சின்ன வீட்டில் ஐந்தாறு பேர். அவர் அனுப்பும் படத்தில் இதெல்லாம் தெரியாது. கடை வாசலில் நல்ல சட்டையோடு நிற்பதுதான் தெரியும். படத்தைப் பார்த்த முகாம் இளைஞனுக்கு ‘பூஃபிஸ்’ பிடிக்கும். ஊதிப் பெருக்குவது என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. தடாபில் அதற்கு, எப்படியாவது வெளிநாடு போய்விடவேண்டும் என்ற தீராத ஏக்கம் என்று பொருள். தூக்கம் போகும், படிப்பு போகும், இருக்கும் இடத்தில் மனம் ஒட்டாது. அதே சொல்லை லண்டனில் சொன்னால் மனச்சோர்வு என்று பொருள்படும். புறப்படத் துடித்தவனின் நோய்க்கும் வந்துசேர்ந்தவனின் நோய்க்கும் ஒரே பெயர். உண்மையைச் சொல்லத் தயங்கும் அந்த அழைப்புகள்தான் இரண்டு நோயையும் வளர்க்கின்றன. சொல்லாமல் விட்டவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கழிவறை துடைத்து அனுப்பிய பணம் என்று தெரிந்தால் தாய் அதைத் தொடமாட்டாள் என்று அவர் அஞ்சுகிறார்.

உறவுச் சொற்களைக் கவனித்தால் அந்தப் பேச்சின் இனிமை விளங்கும். தாயின் தங்கைக்கும் அக்காவுக்கும் ‘ஹபர்யர்’ என்று பெயர், பிரித்தால் ஏறக்குறைய ‘சின்னம்மா’. ‘அதேர்’ தந்தையின் சகோதரர், ‘அப்தி’ தாய்மாமன். தாய் தன் பிள்ளையையே ‘ஹோயோ’ என்று, அதாவது ‘அம்மா’ என்று கூப்பிடுவாள். அத்தை மருமகளை ‘ஏத்தோ’ என்பாள். அதற்கும் அத்தை என்றுதான் பொருள். மகளை ‘வாம்மா’ என்றும் மகனை ‘ஏம்ப்பா’ என்றும் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலில் முகம்மது என்ற ஒரே பெயர் பல நூறு முறை வருவதால் பட்டப்பெயர் இல்லாமல் ஊர் நடக்காது. நெட்டையன், குள்ளன், கறுப்பன், ஒற்றை விரல் இல்லாதவன் என்று எல்லாம் முகத்துக்கு நேரே சொல்வார்கள். 2017 முதல் 2022 வரை குடியரசுத் தலைவராக இருந்த முகம்மது அப்துல்லாஹியை உலகமே ‘ஃபர்மாஜோ’ என்றது. இத்தாலிய மொழியில் பாலாடைக்கட்டி என்ற சொல்லிலிருந்து வந்த குடும்பப் பட்டப்பெயர் அது. இணையத்தில் புனைபெயர் வைப்பது இவர்களுக்குப் புதிதாகக் கற்கவேண்டிய பழக்கமாக இருந்திருக்காது.

ஆண்களின் பேச்சுக்கு இன்னொரு மேடை உண்டு: தேநீர்க்கடை. ஏலக்காயும் பட்டையும் போட்டுக் கொதித்த ‘ஷாஹ்’, பக்கத்தில் சம்பூஸ். மொகதிஷுவின் அரசியல் முழுவதும் அங்கே அலசப்படும். இதற்கு ‘ஃபதி கு திரிர்’ என்று பெயர், உட்கார்ந்தபடியே போர் செய்வது. அதே நேரத்தில் பெண்கள் வேறொன்றை நடத்திக்கொண்டிருப்பார்கள். ‘ஹக்பத்’ என்றும், உதவி என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து ‘அயூதோ’ என்றும் அழைக்கப்படும் சீட்டு அது. ஏலமில்லை, வட்டியில்லை, மாதம் ஒருவர் என்று முறைவைத்து மொத்தத் தொகையை எடுத்துக்கொள்வார்கள். வட்டி விலக்கப்பட்ட மார்க்கத்தில் வங்கிக் கடன் வாங்க விரும்பாத குடும்பங்களுக்குக் கடை வைக்கவும் கல்யாணம் செய்யவும் இதுதான் முதல். சீட்டுப் பிடிப்பவள் யாரை நம்பலாம் என்பதை அறிந்திருக்கவேண்டும். அந்த அறிவு முழுவதும் அன்றாட அரட்டையிலிருந்து வருகிறது. ஆண்களின் வாதத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஊரைத் தாங்கியதில் பெண்களின் அரட்டைக்கே பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன்.

டொராண்டோவில் சோமாலியரும் ஈழத்தமிழரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 1980களின் இறுதியில், போரிலிருந்து தப்பி வந்திறங்கினார்கள். அவர்கள் டிக்சன் சாலையில், இவர்கள் ஸ்கார்பரோவில். இரு சமூகத்துக்கும் சீட்டும் உண்டியலும் அதிகாலை அழைப்பும் பொது. மொழியிலும் ஓர் ஒற்றுமை உண்டு. யாழ்ப்பாணத்தார் பேசுவதைக் ‘கதைப்பது’ என்பார்கள். சோமாலியிலும் கதைக்கும் அரட்டைக்கும் ஒரே சொல்: ‘ஷேக்கோ’.

அங்கே பிறந்த பிள்ளைகளிடம் இந்த ஷேக்கோ கலங்கிப்போயிருக்கிறது. பாட்டி அனுப்பும் குரல்பதிவு அவர்களுக்குப் புரியும். பதில் சொல்ல நாக்கு வராது, ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவார்கள். ஆனால் ‘வல்லாஹி’ என்ற ஆணைச்சொல் சோமாலி இளைஞர் வாய்வழியே டொராண்டோவின் தெருப்பேச்சில் கலந்து, மற்ற இனத்துப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். வழிதவறுகிறான் என்று பெற்றோர் அஞ்சினால் பிள்ளையை ‘தகன் எலிஸ்’ என்று ஊருக்கு அனுப்புவதுண்டு. பண்பாட்டைத் திருப்பிக் கொடுத்தல் என்று பொருள். பாட்டி வீட்டில் சில மாதம் இருந்து மொழி தேறி வந்தவர்கள் இருக்கிறார்கள். பூட்டிவைத்து அடிக்கும் இல்லங்களில் சிக்கி மீண்டவர்களும் இருக்கிறார்கள். பின்னதைப் பண்பாடு என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

குரலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. குலத்துக்குக் குலம் வசை பாடி, கேட்டவர் பதில் பாடி, கத்தியில் முடிந்த வரலாறு அங்கே பழையது. 1920களில் தொடங்கிய ஒரு கவிதைச் சங்கிலிக்கு ‘குபா’ என்றே பெயர், எரிப்பது என்று பொருள். இன்று அதே வசை டிக்டாக் நேரலையில் நடக்கிறது. குலத்தின் பெயரால் மோதுகிறார்கள், குலத்தின் பெயரால் பணம் திரட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் சோமாலிய அரசு, தீவிரவாதிகளின் பரப்புரையையும் ஒழுக்கக்கேட்டையும் காரணம் காட்டி, டிக்டாக்கையும் டெலிகிராமையும் முடக்க ஆணையிட்டது. முடக்கம் தீர்வென்று எனக்குத் தோன்றவில்லை. பழைய வசைக்கவிஞன் தன் பெயர் சொல்லிப் பாடினான், சொல்லுக்குப் பொறுப்பேற்றான், அவன் பாட்டைச் சுமந்தவனும் அந்தப் பெயரைச் சொன்னான். பெயர் கழன்ற குரல்பதிவு ஐந்து நாடுகளைச் சுற்றி ஊருக்குள் நுழையும்போது, அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. இழந்தது அந்த ஒழுங்கைத்தான். அதே குழுவில் அதே நாளில், இறந்தவரை அடக்கவும் வறட்சியில் தண்ணீர் லாரி அனுப்பவும் ‘காரான்’ என்னும் பொதுநிதி சில மணி நேரத்தில் சேர்வதையும் பார்க்கிறோம். இரண்டும் ஒரே குலக்கட்டிலிருந்துதான் வருகின்றன.

1988இல் ஹர்கெய்சாவில் குண்டு விழுந்தபோது வானொலி நிலையத்தார் தங்கள் ஒலிநாடாக்களைக் காப்பாற்ற மண்ணில் புதைத்தார்கள். போர் ஓய்ந்ததும் தோண்டி எடுத்தார்கள். இன்று அந்த நகரின் செங்கடல் பண்பாட்டு மையத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேசட்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. அதை நடத்தும் அமைப்பு 2008 முதல் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழாவும் நடத்துகிறது. ஹத்ராவி 2022 ஆகஸ்டில் மறைந்தார். அவர் குரல் மறையவில்லை, நாடாவில் இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகக் கைபேசிகளில் பேசித் தீர்த்த புலம்பெயர் வாழ்வுக்கு அப்படியொரு கிடங்கு கிடையாது. கருவி மாறும்போது பாட்டியின் குரலும் அழிகிறது. பிள்ளைகளே, அவர் அனுப்பிய பதிவுகளை அழிக்காமல் எடுத்துவையுங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவர் பெயர், அவர் தந்தை பெயர், பாட்டன் பெயர் மூன்றையும் எழுதுங்கள்.